இழுக்காத ஹைப்ரிட்டுக்குப் பெரிய எஞ்சினா?

பள்ளத்தூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "பெரியப்பா 2008இல் வாங்கிய ஹோண்டா சிவிக் ஹைப்ரிட் இப்போது என்னிடம் இருக்கிறது. அவர் சென்னையோடு இருந்துவிட்டதால் இரண்டு வருடம் பூட்டிய வீட்டிலேயே நின்றது. இப்போது ஓட்டினால் ஐ.எம்.ஏ. விளக்கு (ஹைப்ரிட் அமைப்பின் எச்சரிக்கை விளக்கு) எரிகிறது. திருமயம் பக்கம் லாரியை முந்த மிதித்தால் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி நகரவில்லை. சாதா சிவிக்கின் 1.8 லிட்டர் எஞ்சின் புதுப்பேட்டையில் கிடைக்கும், தூக்கி மாட்டிவிடலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?"

வேண்டாம். உங்கள் மெக்கானிக் சொல்வது முடியாத வேலை இல்லை. ஆனால் உங்கள் காரில் குறைந்திருப்பது எஞ்சினின் பலம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது.

இந்தக் காரில் இருப்பது 1.3 லிட்டர் எஞ்சின். தனியாக அதன் முறுக்குவிசை (டார்க், அதாவது சுழற்றும் பலம்) சுமார் 120 நியூட்டன் மீட்டர்தான். அதோடு 20 குதிரைத் திறன் மின்மோட்டார் ஒன்று கைகொடுக்கும்போது, ஆயிரம் ஆர்.பி.எம்.மிலேயே இரண்டும் சேர்ந்து சுமார் 167 வரும். நீங்கள் ஆசைப்படும் 1.8 எஞ்சினின் உச்ச முறுக்குவிசையே 170ஐ ஒட்டித்தான், அதுவும் நாலாயிரம் ஆர்.பி.எம்.முக்கு மேல் போன பிறகு. அதாவது லாரியை முந்த ஆரம்பிக்கிற அந்த முதல் மிதியில், நல்ல நிலையில் இருக்கும் ஹைப்ரிட் 1.8க்குப் பெரிதாகப் பின்தங்காது. மேல் வேகத்தில் 1.8தான் ஜெயிக்கும், அதை மறுக்கவில்லை.

மோட்டாருக்கு மின்சாரம் தருவது பின்சீட்டுக்குப் பின்னால் இருக்கும் 158 வோல்ட் பேட்டரி. 1.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்கள் 132, வரிசையாகக் கோர்த்தது. இந்த வகை செல்லுக்கு இரண்டு பகை: வெயில், சும்மா நிற்பது. நிற்கும்போது ஒவ்வொரு செல்லும் ஒவ்வொரு வேகத்தில் தானே வடியும். இரண்டு வருடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் ஒன்றில் பாதி, இன்னொன்றில் கால், வேறொன்றில் ஒன்றுமே இருக்காது. வரிசையில் பலவீனமான செல் எதுவோ, மொத்தப் பேட்டரியும் அதன் அளவுக்குத்தான் உழைக்கும். கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மட்டும் கதவு திறக்கிற வீடுகள் நிறைந்த நம் செட்டிநாட்டுப் பக்கத்தில், ஹைப்ரிட் காருக்கு இதைவிட மோசமான வாழ்க்கை அமையாது.

மீட்டரில் சார்ஜ் கோடுகள் நிறைய இருந்து திடீரென்று இரண்டுக்கு விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் இதேதான். அந்த நேரத்தில் மோட்டார் உதவாதது மட்டுமில்லை, எஞ்சினிடமிருந்தே பலத்தைப் பிடுங்கிப் பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆரம்பித்துவிடும். சின்ன எஞ்சினுக்கு இரட்டைச் சுமை. நீங்கள் கேட்கிற அந்தக் கத்தல் இதனால்தான் இருக்கும்.

சரி, எஞ்சின் மாற்றத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பழைய ஹோண்டா இன்சைட்டில் 2 லிட்டர் கே20 எஞ்சினை மாட்டிப் பறக்கிற வீடியோக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கார் அலுமினிய உடம்பு, ஒரு டன் எடைகூடக் கிடையாது. ஹைப்ரிட் சாமான்களை மொத்தமாகக் கழற்றி எறிந்துவிட்டுத்தான் அதைச் செய்கிறார்கள். உங்கள் காரிலும் அப்படித்தான் செய்ய வேண்டியிருக்கும். நம்மூர் வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதுபோல, இதில் எஞ்சின், மோட்டார், சி.வி.டி. என்ற தானியங்கி கியர்பாக்ஸ் மூன்றும் ஒட்டி நிற்கின்றன. மோட்டாரின் சுழலி கிராங்க் ஷாஃப்ட்டிலேயே போல்ட் போட்டு முடுக்கியது. எஞ்சினை மட்டும் மாற்ற வழியில்லை. 1.8க்கு அதன் கியர்பாக்ஸ், டிரைவ் ஷாஃப்ட், வயரிங், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ., சாவியை அடையாளம் காணும் இம்மொபிலைசர் எல்லாம் கூடவே வர வேண்டும்.

பலர் மறந்துவிடுகிற ஒன்று: இந்தக் காரில் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் தரும் கருவி) கிடையாது. 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் ஆவதே பெரிய பேட்டரிப் பக்கமிருந்து ஒரு கன்வெர்ட்டர் வழியாகத்தான். ஏ.சி. கம்ப்ரஸரும் பாதி பெல்ட், பாதி மின்சாரம். இரண்டையும் மாற்றியாக வேண்டும். பேசாமல் ஒரு முழு 1.8 சிவிக்கை வாங்கிவிடலாம், வேலையும் மிச்சம்.

அப்புறம் ஆர்.சி. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரித்த நிறுவனம் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லியிருக்கிறது. மீறினால் ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 2008 வண்டி என்பதால் 15 வருடம் முடிந்து ஐந்தாண்டுப் புதுப்பிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த முறை பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறந்து எஞ்சின் நம்பரைப் பார்த்தால் என்ன சொல்வீர்கள்? விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதே கேள்வியைத்தான் கேட்கும்.

என்ன செய்யலாம்? பெரிய பேட்டரியின் செல் தொகுதிகளைச் சுமை கொடுத்து ஒவ்வொன்றாக அளக்கத் தெரிந்தவரிடம் போங்கள். வேறுபாடு கொஞ்சம்தான் என்றால், சிறு மின்னோட்டத்தில் பல மணி நேரம் மெதுவாகச் சார்ஜ் ஏற்றிச் சமன்செய்தாலே பாதி உயிர் திரும்பும். செத்த தொகுதியை மட்டும் மாற்றுகிறேன் என்பவரிடம் கவனம்: பழசோடு புதுசு சேர்ந்தால் சில மாதத்தில் அடுத்தது போகும். நிறைய செத்திருந்தால் முழுசாக மாற்றுவதே மேல். பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேனில் செம்மண் தூசி அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டாக எட்டு ஸ்பார்க் பிளக். நாலு என்று நினைத்து நாலை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புபவர்களும் உண்டு. சி.வி.டி. ஆயிலையும் அதற்கென்றே உள்ளதாக மாற்றுங்கள்.

பின்சீட்டை நீங்களே கழற்ற வேண்டாம். 158 வோல்ட் நேர்மின்சாரம் ஆளைக் கொல்லும். தெரிந்தவர்கள்கூடப் பெரிய பேட்டரியின் ஸ்விட்சை அணைத்து ஐந்து நிமிடமாவது காத்திருந்துதான் கை வைப்பார்கள். பேட்டரி உட்பட மின்வேதியியலில் 1953 முதல் ஆராய்ச்சி நடத்தும் மத்திய அரசு நிறுவனமான சிக்ரி காரைக்குடியில் இருக்கிறதே என்று அங்கே வண்டியை ஓட்டிப் போகாதீர்கள், அது ஒர்க்ஷாப் இல்லை!

பேட்டரி இடையில் ஒரு தடவையாவது மாற்றப்பட்டதா என்று பெரியப்பாவிடம் கேளுங்கள். அளந்த எண்களோடு அதையும் எழுதி அனுப்பினால், செலவு செய்யத் தக்க வண்டியா, விற்றுவிடுவதா என்று சொல்கிறேன்.