சூரியப் புயலைக் காட்டிக்கொடுக்கும் மினுக்கல்

கேள்வி: முதுகலை இயற்பியல் படிக்கிறேன். சூரியனிலிருந்து கிளம்பும் பிளாஸ்மா மேகம் வழியில் எங்கே இருக்கிறது என்பதை, தொலைதூர ரேடியோ அலைகளை வைத்தே கண்டுபிடிக்கலாமாமே? மொட்டை மாடியில் ஆன்டெனா வைத்து நானே செய்ய முடியுமா?

பதில்: நட்சத்திரம் மினுக்கும், கோள் அவ்வளவாக மினுக்காது. புள்ளியாகத் தெரிவதைத்தான் காற்று தடுமாற வைக்கிறது. ரேடியோவில் அந்தப் புள்ளி ஒரு குவாசர், அதாவது வெகுதொலைவு விண்மீன் மண்டலம் ஒன்றின் மிகப் பிரகாசமான மையம். தடுமாற வைப்பது சூரியக் காற்றின், அதாவது சூரியனிலிருந்து ஓயாமல் வீசும் பிளாஸ்மாவின், எலக்ட்ரான் திரள்கள். 1964-இல் கேம்பிரிட்ஜில் ஆண்டனி ஹியூவிஷ் குழு கண்டறிந்தது இதைத்தான்.

இதில் எனக்கு மிகப் பிடித்த இடம் கணக்கு. 327 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 92 செ.மீ. அந்த அலை நமக்கு மினுக்கலாகக் காட்டும் திரள்கள் சில நூறு கிலோமீட்டர் அகலமுள்ளவை. சூரியக் காற்றின் வேகம் நொடிக்கு சுமார் 400 கி.மீ. ஆக, மினுக்கல் ஒரு நொடிக்குள் வந்து போய்விடும். தரவைப் பத்து நொடிக்குச் சராசரி எடுத்தால் எல்லாம் அழிந்துவிடும். நொடிக்கு இருபது அளவீடாவது வேண்டும். பல நொடிகள் நீளும் மெதுவான ஏற்ற இறக்கம் தெரிந்தால் ஏமாற வேண்டாம், அது பெரும்பாலும் பூமியின் மேல் வளிமண்டலத்தில் மின்னூட்டம் பெற்ற அடுக்கான அயனிமண்டலத்தின் வேலை.

3சி 48 போன்ற ஒரு குவாசர் வழக்கத்தைவிட அதிகமாக மினுக்கினால், அந்தப் பார்வைக்கோட்டை அடர்ந்த மேகம் கடக்கிறது என்று கொள்ளலாம். கோட்டில் சூரியனுக்கு மிக அருகே வரும் பகுதிதான் மினுக்கலில் பெரும்பங்கு தரும். குவாசர் சூரியனிலிருந்து 30 பாகை தள்ளியிருந்தால், அந்தப் பகுதி சூரியன்–பூமி தூரத்தில் பாதி. ஒரே குவாசரால் மேகத்தின் உருவம் தெரியாது. தினமும் நூற்றுக்கணக்கானவற்றைப் பார்த்தால்தான் வரைபடம் கிடைக்கும். மேகம் பூமியை எட்ட ஒன்று முதல் நான்கு நாள் ஆகும் என்பதால் அந்த வரைபடத்துக்கு அவ்வளவு மதிப்பு.

மாடியில் முடியுமா? மினுக்கலைப் பிடிக்க முடியாது என்று நேராகவே சொல்லிவிடுகிறேன். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். அத்தனை பரப்பு இருந்தால்தான் குவாசரின் அந்த மெல்லிய நடுக்கம் பிடிபடும்.

ஆனால் புயலின் பிறப்பைப் பிடிக்கலாம். பல அதிர்வெண்களை ஒருசேரப் பிடிக்கும் லாக் பீரியாடிக் ஆன்டெனா, 40 முதல் 200 மெகாஹெர்ட்ஸ் வரை வருடும் ரிசீவர் போதும். மேகம் கிளப்பும் அதிர்வலை சூரியனை விட்டு வெளியே ஓட ஓட, அது கடக்கும் இடத்தின் எலக்ட்ரான் அடர்த்தி குறையும்; வெடிப்பின் அதிர்வெண் அந்த அடர்த்தியைப் பொறுத்தது. அதனால் ரேடியோ வெடிப்பின் அதிர்வெண்ணும் சில நிமிடங்களில் கீழிறங்கும். இதற்கு இரண்டாம் வகை வெடிப்பு என்று பெயர். சில நொடிகளில் சரிவது மூன்றாம் வகை, அதைக் கிளப்புவது வேகமாகப் பாயும் எலக்ட்ரான் கற்றை. எஃப்.எம். நிலையங்களின் 88–108 மெகாஹெர்ட்ஸ் பகுதியை மட்டும் வடிகட்டியால் அடைத்துவிடுங்கள். இல்லையெனில் ரிசீவர் திணறும்.