தோள் பச்சையாகவே நிற்கிறதே!

கேள்வி: ‘செரோக்கி பர்ப்பிள்’ என்ற பாரம்பரியத் தக்காளி ரகத்தை முதல்முறையாக வளர்க்கிறேன். அடிப்பக்கம் ஊதா கலந்த சிவப்பாகிவிட்டது. காம்பைச் சுற்றியுள்ள மேல்பகுதியில், அதாவது பழத்தின் ‘தோளில்’, பச்சை மாறவே இல்லை. முழுக்கச் சிவக்கட்டும் என்று விட்ட இரண்டு பழங்கள் வெடித்துவிட்டன. எப்போதுதான் பறிப்பது?

பதில்: அந்தப் பச்சைக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த ரகத்துக்கு அது இயல்பு. முதல் வருடம் நானும் இப்படிக் காத்திருந்து நல்ல பழங்களைக் குழையவிட்டேன். இன்னும் மனசு ஆறவில்லை. அப்புறம்தான் கையை நம்பப் பழகினேன். தக்காளி அடியிலிருந்து மேல்நோக்கிப் பழுக்கும். அடிப்பக்கத்தை லேசாக அழுத்திப் பாருங்கள். கல்மாதிரி இல்லாமல் கொஞ்சம் அமுங்கினால் தயார். காம்புக் கணுவில் மேலே தூக்கினால் சுலபமாகக் கழன்று வரும். கடும் வெயிலில் நிறத்தை நம்பவே வேண்டாம்: 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் லைக்கோபீன் என்ற சிவப்பு நிறமி சரியாக உருவாகாது.

வெடிப்புக்குக் காரணம், காய்ந்து கிடந்த செடி திடீரென்று நிறையத் தண்ணீர் குடிப்பது. மழை வரும்போலிருந்தால், நிறம் மாறத் தொடங்கிய காய்களைப் பறித்து வீட்டுக்குள் வையுங்கள், பழுத்துவிடும். ஃப்ரிட்ஜ் மட்டும் வேண்டாம், அந்த அருமையான மணம் போய்விடும்.