இரண்டு முறை ஃபார்மட் அடித்தும் ஹேங் ஆகிற கம்ப்யூட்டர்

கேள்வி: காசிமேட்டில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறோம். 2019இல் அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர். பையனின் காலேஜ் பிராஜெக்ட், எங்கள் விசைப்படகின் டீசல், ஐஸ் கணக்கு எல்லாம் அதில்தான். மூன்று மாதமாக ஹேங் ஆகிறது. சில நாள் காலையில் ஆன் செய்தால் பீப் பீப் என்று சத்தம்தான் வருகிறது, திரையில் ஒன்றும் இல்லை. அணைத்து அணைத்துப் போட்டால் வருகிறது. வந்தாலும் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அப்படியே நின்றுவிடுகிறது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் டர்ர் என்று ஒரே இழுப்பு. கடையில் இரண்டு முறை ஃபார்மட் அடித்தார்கள். விண்டோஸ் 10ஐ நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் இப்படி என்கிறார்கள். புதிது வாங்கிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்க வேண்டாம். எனக்கு வேண்டிய தகவலை நீங்களே எழுதிவிட்டீர்கள்: காலையில் பீப், இரண்டு முறை ஃபார்மட் அடித்தும் அதே கோளாறு. பீப் சத்தம் விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகமும் மாட்டியிருக்கும் பெரிய பலகை, கொடுப்பது. அந்த நேரத்தில் ஹார்ட் டிஸ்க்கில் எந்த விண்டோஸ் இருக்கிறது என்பதே அதற்குத் தெரியாது. ஆகவே கோளாறு பெட்டிக்குள் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது உண்மை. அதனால் பாதுகாப்பு அப்டேட் வருவது நிற்கும், கம்ப்யூட்டர் நிற்காது.

பெட்டியில் கை வைக்கும் முன் ஒரு காரியம். டீசல் கணக்கையும் பையனின் பிராஜெக்ட்டையும் குடும்ப போட்டோக்களையும் இன்றைக்கே ஒரு பென் டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ நகல் எடுத்துவிடுங்கள். நின்று நின்று போகும் கம்ப்யூட்டர் எந்த நாள் முழுக்கப் படுத்துவிடும் என்று யாராலும் சொல்ல முடியாது. ரிப்பேருக்குக் கொடுத்த பெட்டி திரும்பி வந்தபோது குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்கள் போய்விட்டன என்று என் கடை வாசலில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். போன ரேமுக்கு (தற்காலிக நினைவகத் தகடு) வேறு ரேம் வாங்கலாம், அந்தப் படங்களை எங்கே போய் வாங்குவது?

அடுத்த முறை நிற்கும்போது உடனே பவர் பட்டனை அழுத்தி அணைக்காதீர்கள். கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டி, அதன் சின்ன விளக்கு எரிந்து அணைகிறதா என்று பாருங்கள். விளக்கு மாறுகிறது, மவுஸ் அம்பும் நகர்கிறது, ஆனால் எதைக் கிளிக் செய்தாலும் திறக்கவில்லை என்றால் என் சந்தேகம் ஹார்ட் டிஸ்க் மேல் போகும். விளக்கு மாறுகிறது, படம் மட்டும் நின்றிருக்கிறது என்றால் விண்டோஸ் பட்டன், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒரு கணம் கறுத்துத் திரும்பி வந்தால் திரையில் படம் வரவைக்கும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரைப் பார்க்க வேண்டும். விளக்கே மாறவில்லை, சத்தமும் ஒரே இழுப்பாக நிற்கிறது என்றால் ரேம், சூடு, மதர்போர்டு இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். நிற்காமல் தானாகவே அணைந்து மறுபடி ஆன் ஆனால் மின்சாரம், எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரன்ட்டைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் உள்பெட்டி), சூடு. உங்கள் டர்ர் சத்தம் மூன்றாவது வகை.

உங்கள் பக்கத்துத் தெருக்களிலிருந்து வரும் பெட்டிகளில் நான் முதலில் கழற்றுவது ரேமைத்தான். உங்கள் வீட்டு ஜன்னல் கம்பி எத்தனை சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதே கடல் காற்றைத்தான் பெட்டியின் ஃபேன் நாள் முழுக்க உள்ளே இழுக்கிறது. ஒரு காலத்தில் ராயபுரம், காசிமேடு பெட்டிகளைத் திறந்தால் கை கரியாகும். 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவது நின்ற பிறகு அந்தக் கறுப்பு குறைந்தது. இப்போது இருப்பது கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் சாம்பல் நிறப் புழுதியும், அதோடு கலந்த உப்பும். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுத்துக் கசிய ஆரம்பிக்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். கரையோரத்தில் விடியற்காலையில் அந்த அளவு ஈரம் சாதாரணம். ரேமின் முனைகளில் படிந்த உப்புத் தூசி இரவெல்லாம் ஈரம் குடித்துவிட்டு நிற்கிறது, காலையில் ஆன் செய்தால் மதர்போர்டுக்கு ரேம் சரியாகத் தெரிவதில்லை, பீப் அடிக்கிறது. நாலு தரம் போட்டு அணைத்தால் கொஞ்சம் சூடேறி எப்படியோ பிடித்துக்கொள்கிறது. வாரக்கணக்கில் இப்படி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

இதை நீங்களே செய்யலாம், பயம் வேண்டாம். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள், உள்ளே மிச்சம் இருக்கும் கரன்ட் இறங்கும். பெட்டியைப் படுக்கவைத்து, பின்பக்கம் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பக்கத் தகடு வந்துவிடும். இரும்புச் சட்டத்தை ஒரு தரம் தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கும் ஸ்டாட்டிக் இறங்கட்டும். ரேமின் ஓரங்களில் உள்ள கிளிப்பை வெளியே தள்ளினால் ரேம் தானாக எழும். அதன் அடியில் வரிசையாக மஞ்சள் முனைகள் இருக்கும். புதிதில் பளபளவென்று இருப்பவை உங்களுடையதில் புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் செம்பு போல மங்கியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால், அழுத்தாமல், ஒரே திசையில் இரண்டு மூன்று இழுப்பு போதும். இங்க் அழிக்கும் சொரசொர ரப்பர் கூடவே கூடாது, அது முனையின் தங்கப் பூச்சையே எடுத்துவிடும். ரப்பர் துகள் ஸ்லாட்டில் விழாதபடி தள்ளி வைத்துச் செய்யுங்கள். ஐசோபுரப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் பஞ்சில் தொட்டுத் துடையுங்கள். ஸ்லாட்டைப் புதிய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் போகும். திரும்பப் பொருத்தும்போது இரண்டு பக்கமும் டக் என்று கிளிப் மாட்ட வேண்டும். அந்தச் சத்தம் வராமல் பாதியில் நிற்கும் ரேம்தான் பல வீடுகளில் பாதிப் பிரச்சினை.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள், பிறகு மற்றதை. ஒன்றோடு நன்றாக ஓடி மற்றொன்றோடு நின்றால் குற்றவாளி கையில் அகப்பட்டுவிட்டது. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் 86 என்ற மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை ஒருமுறை துடைத்துப் பாருங்கள், மறுபடியும் காட்டினால் மாற்றிவிடுங்கள்.

அடுத்தது சூடு. அரை மணி, ஒரு மணி கழித்து நிற்கிறது என்பது அதற்கும் பொருந்துகிறது. பிராசஸர் மேல் இருக்கும் ஃபேனுக்கும், சூட்டை இழுக்கும் உலோகக் கட்டையான ஹீட் சிங்க்குக்கும் நடுவே பாருங்கள். மேலே ஃபேன் நன்றாகத்தான் சுற்றும், அடியில் தூசி கம்பளித் துண்டு போலப் படிந்து காற்றுக்கு வழியே இருக்காது. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், வெறித்தனமாகச் சுற்றவிட்டால் பேரிங் கெடும். ஏழு வருஷம் ஆன பெட்டி என்றால், பிராசஸரின் சூட்டை ஹீட் சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட்டும் காய்ந்திருக்கும். அதை மாற்ற ஹீட் சிங்க்கைக் கழற்ற வேண்டும், பழக்கம் இல்லாவிட்டால் கடையிலேயே செய்துகொள்ளுங்கள். நீங்களே செய்வதானால், ஏஎம்டி பிராசஸர் என்றால் கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து பிளக்கைப் பிடுங்கி, லேசாகத் திருகி எடுங்கள். காய்ந்த பேஸ்ட் ஒட்டிக்கொண்டு பிராசஸரையே சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்து, பின் வளைந்த கேஸ்கள் உண்டு. பழைய பேஸ்ட்டைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஒரு பட்டாணி அளவு புதிது போதும். சூட்டைப் பார்க்க, ஆன் ஆகும்போதே டெலீட் அல்லது எஃப்2வை அழுத்தி மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸ்க்குள் போங்கள், டிகிரி அங்கேயே இருக்கும். சும்மா இருக்கும்போதே 70, 80 என்று காட்டினால் சரியில்லை. 100ஐ நெருங்கினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் மேல் போனால் உயிரைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

ஹார்ட் டிஸ்க் பற்றிச் சுருக்கமாக. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ரீஅலொகேட்டட் செக்டார், கரன்ட் பெண்டிங் செக்டார் என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். அங்கே பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருந்து, அது வாரா வாரம் ஏறினால் டிஸ்க் விடைபெறுகிறது என்று அர்த்தம். அப்போது டிஸ்க்கைச் சோதிக்கும் செக் டிஸ்க், ஃபைல்களை அடுக்கி வைக்கும் டீஃபிராக் எதையும் ஓட்டாதீர்கள். நோயாளியை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வது போல அது. நகல் எடுங்கள், அதற்குப் பதில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போடுங்கள்.

கரன்ட் விஷயத்தை நம் பக்கத்தில் யாரும் கவனிப்பதில்லை, எனக்கு அதில் வருத்தம் உண்டு. தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டில் ரேம், டிஸ்க், எஸ்எம்பிஎஸ் எல்லாம் மாற்றியும் கம்ப்யூட்டர் தினமும் அணைந்து அணைந்து எழுந்தது. நேரில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ஃபிரிட்ஜ் கட் ஆகி மறுபடி ஓட ஆரம்பிக்கும் ஒவ்வொரு தடவையும் மானிட்டர் ஒரு கணம் துடித்தது. இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டியிருந்தன, அதன் சாக்கெட் உள்ளே கருகிப்போயிருந்தது. சாமான் வாங்கிய பணம் அத்தனையும் வீண். எக்ஸ்டென்ஷனை எடுத்துவிட்டு நேராகச் சுவர் பாயின்ட்டில் மாட்டினோம், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் பிளக்கை லேசாக ஆட்டிப் பாருங்கள், ஆடினால் பாயின்ட்டை மாற்றுங்கள். வெறுங்காலோடு நிற்கும்போது பெட்டியின் இரும்பில் கை பட்டால் விறுவிறு என்கிறதா? அப்படியானால் எர்த் இல்லை அல்லது சரியில்லை. ஒரு எலக்ட்ரீஷியனை அழைத்து மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இது கம்ப்யூட்டருக்காக மட்டுமல்ல, தரை ஈரமாக இருக்கும் வீட்டில் உங்கள் எல்லோருக்காகவும். எஸ்எம்பிஎஸ் சரியாக இருக்கிறதா என்று பயாஸில் 12 வோல்ட் என்ற வரியைப் பாருங்கள். 11.4க்கும் 12.6க்கும் நடுவே இருக்க வேண்டும். விலகினால் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றுங்கள், ஆனால் அதன் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் சின்ன உருளை) 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், ஆளைத் தூக்கிப்போடும்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வரிசையில் போவேன்: நகல், ரேம், தூசி, பிளக் பாயின்ட். இந்த நான்குக்கும் பெரிதாகச் செலவில்லை. ஒவ்வொன்றாகச் செய்து இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும். எப்போது நின்றது, எத்தனை நேரம் ஓடியது, கேப்ஸ் லாக் விளக்கு மாறியதா என்று ஒரு காகிதத்தில் குறித்துவையுங்கள். கடைக்குத்தான் போக வேண்டும் என்றாகிவிட்டால் அந்தக் காகிதத்தைக் கொடுத்து, ஃபார்மட் அடிக்க வேண்டாம், வேறு நல்ல ரேம் போட்டுப் பாருங்கள், வேறு எஸ்எம்பிஎஸ் மாட்டிப் பாருங்கள் என்று கேளுங்கள். தெரிந்த ரிப்பேர்காரர் அதற்கு முகம் சுளிக்க மாட்டார். இரண்டையும் மாற்றிப் பார்த்தும் நிற்கிறது, மதர்போர்டில் கெப்பாசிட்டர் தலை உப்பியிருக்கிறது அல்லது பச்சை பூத்திருக்கிறது என்றால், அப்போது புதிது வாங்குவது பற்றிப் பேசலாம். அப்போதும் ரேம், எஸ்எஸ்டி நன்றாக இருந்து புதுப் போர்டுக்குப் பொருந்தினால் அவற்றை வைத்துக்கொண்டு போர்டும் பிராசஸரும் மட்டும் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரியுங்கள்.

சரியான பிறகு பெட்டியை ஜன்னலோரத்தில் வைக்காதீர்கள், கதவு மூடிய டேபிள் அறைக்குள்ளும் வைக்காதீர்கள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், பின்பக்கம் நாலு விரல் இடம் விட்டு வையுங்கள். தினமும் கொஞ்ச நேரமாவது ஓடட்டும், அந்தச் சூடே உள்ளே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசி தட்டும் வேலையைப் பையனிடம் விட்டுவிடுங்கள்.