ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, பாடம் மண்டையில் ஏறுதா? செட்டிநாட்டு ஆசிரியர்களின், பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

ஆசிரியர் பயிற்சியில் பல வருஷம் இருந்தவன் என்பதால் காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் கேள்விகளை என்னிடம் தள்ளிவிட்டார்கள். வந்த வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

பள்ளத்தூர், ஏழாம் வகுப்பு அறிவியல் ஆசிரியை: சார், ஸ்மார்ட் போர்டில் வீடியோ போட்டால் பிள்ளைகள் கப்சிப். புரிந்ததா என்றால் ‘புரிஞ்சுது மிஸ்’ என்று கோரஸ். அடுத்த வாரம் டெஸ்ட் வைத்தால் ஒன்றுமே இல்லை.

வீடியோவைத் திட்டாதீர்கள் டீச்சர். அது ஓடும்போது பிள்ளைகளுக்கு என்ன வேலை இருந்தது? 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது நன்றாகச் சொன்னார்கள், ஆனால் படித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் ஒரு வாரம் கழித்து முந்தினார்கள். உங்கள் வகுப்பின் கோரஸ் அந்த ஐந்து நிமிஷக் கணக்கு. ஒளிச்சேர்க்கை வீடியோ என்றால் இரண்டு நிமிஷத்தில் நிறுத்தி, திரையை அணைத்து, இலைக்குள் என்ன போகிறது, என்ன வெளியே வருகிறது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள், இரண்டு நாள் கழித்து அதே கேள்வியை வகுப்பு தொடங்கும்போது இன்னொரு தடவை கேளுங்கள்.

இன்னொன்று. புதுச் செய்தியை ஒரே நேரத்தில் தாங்கும் இடம் நம் மனதில் ரொம்பக் குறைவு. 1988இல் ஸ்வெல்லர் என்ற கல்வி உளவியலாளர் எழுதிய அறிவுச்சுமைக் கோட்பாட்டின் சாரம் அதுதான். படத்தோடு விளக்கக் குரல் மட்டும் வந்தால் பிள்ளைகள் நன்றாகக் கற்கிறார்கள், அதே வாசகம் எழுத்தாகவும் கூடவே ஓடினால் கற்பது குறைகிறது என்று மேயர் என்ற உளவியலாளர் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார். ஆங்கில விளக்கம் ஓடுகிற வீடியோவாக இருந்தால் சவுண்டை நிறுத்திவிட்டு நீங்களே தமிழில் பேசுங்கள், பின்னணி இசையும் சேர்ந்து ஒழியும்.

தேவகோட்டை, ஒரு அம்மா: மகள் மூன்றாம் வகுப்பு. ஆப்பில் சரியான விடைக்கு நட்சத்திரம், காசு எல்லாம் கொடுக்கிறார்கள். இது படிப்பா, விளையாட்டா?

எதைப் படிக்கிறாள் என்பதைப் பொறுத்தது. சின்னச் சின்னப் படி, ஒவ்வொரு படிக்கும் உடனே சரியா தப்பா என்ற பதில், இது ஸ்கின்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1950களில் தன் கற்பிக்கும் இயந்திரத்துக்கு வைத்த வழி. வாய்ப்பாட்டுக்கும் எழுத்துப்பிழை திருத்துவதற்கும் இன்றைக்கும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஸ்கின்னர், பிள்ளை விடையைத் தானே எழுத வேண்டும், கொடுத்த நான்கு விடைகளில் ஒன்றைத் தொடக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தவர், அந்தப் பாதியை ஆப்காரர்கள் வசதியாக மறந்துவிட்டார்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், கணக்குப் போடுகிறாளா, குத்துமதிப்பாகத் தட்டுகிறாளா என்று தெரிந்துவிடும். மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா என்பதற்கெல்லாம் ஆப் வேண்டாம், ஒரு அதிரசத்தைப் பிட்டுப் பங்கு போடச் சொல்லுங்கள்.

காரைக்குடி, பி.எட். மாணவர்: கட்டமைப்புவாதம் பற்றிப் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறோம். கம்ப்யூட்டர் லேபில் அது எப்படி இருக்கும் சார்?

பிள்ளை தன் அறிவைத் தானே கட்டிக்கொள்கிறது என்பதுதான் கட்டமைப்புவாதம். அதன் முன்னோடியான உளவியலாளர் பியாஜேயோடு ஜெனீவாவில் வேலை பார்த்தவர் சீமோர் பேப்பர்ட். அவரும் கூட்டாளிகளும் 1967இல் பிள்ளைகளுக்காக லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். திரையில் ஒரு ஆமை இருக்கும், முன்னே போ, திரும்பு என்று கட்டளையிட்டால் கோடு போடும். சதுரத்துக்கு 90 பாகை திரும்பச் சொன்ன பிள்ளை, சமபக்க முக்கோணத்துக்கு 60 என்று அடிக்கும், படம் கோணிக்கொண்டு போகும். ஏன் என்று அது தானே எழுந்து ஆமைபோல நடந்து பார்த்து, திரும்புவது வெளிக்கோணம், 120 பாகை என்று கண்டுபிடிக்கிற நேரம் இருக்கிறதே, பாடம் அங்கேதான் நடக்கிறது. நம் ஊரில் வைத்துச் செய்ய ஆத்தங்குடிக் கல்லைவிட, அதாவது பூப்போட்ட தரைக்கல்லைவிட, நல்ல பொருள் உண்டா? ஒரு கல்லின் டிசைனை நிரலாக எழுதி, நான்கு கற்கள் சேரும் இடத்தில் பூ முழுசாக வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் கோணமும் சமமான ஒழுங்கு ஐங்கோணக் கல்லால் ஏன் தரையை இடைவெளியில்லாமல் நிரப்ப முடியவில்லை என்று எவனாவது கேட்பான். ஒழுங்கு ஐங்கோணத்தின் உள்கோணம் 108, அது 360ஐ மிச்சமில்லாமல் வகுக்காது.

ஆனால் ‘பிள்ளையே கண்டுபிடிக்கட்டும்’ என்று லேபைத் திறந்துவிட்டு நாம் டீ குடிக்கப் போனால் நடக்காது. புதிதாகக் கற்பவர்களுக்கு வழிகாட்டாமல் விடுவது பலன் தராது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் கடுமையாகவே எழுதினார்கள். நான் அவர்கள் பக்கம்தான். முதலில் இரண்டு உதாரணம் செய்து காட்டுங்கள், அப்புறம் விடுங்கள்.

கோட்டையூரிலிருந்து ஒருவர்: பிள்ளைகளைப் பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துத் தனித்தனி வீடியோ தருவதாக ஒரு கம்பெனி வந்திருக்கிறது...

காசைச் சேமியுங்கள். அப்படிப் பிரித்துக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2008இலேயே உளவியலாளர்கள் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள்.

ஒரு பள்ளி நிர்வாகி: எல்லாருக்கும் டேப்லெட் வாங்கலாமா?

மேலே சொன்ன மூவரில் ஒருவரான ரிச்சர்ட் கிளார்க் 1983இல் எழுதினார்: மளிகைச் சாமான் ஏற்றி வருகிற லாரியால் நம் உடம்பில் சத்து ஏறாது, ஊடகமும் அப்படித்தான். கொஞ்சம் அதிகப்படியான பேச்சு என்று மறுத்தவர்களும் உண்டு. இருந்தாலும் வாங்கும் முன், எந்த வகுப்பில், எந்தப் பாடத்தில், இப்போது முடியாத எதைப் பிள்ளை செய்யப் போகிறது என்று ஆசிரியர்களிடம் எழுதி வாங்குங்கள். எழுத முடியாவிட்டால் அந்தப் பணத்தில் நூலகத்துக்குப் புத்தகம் வாங்குங்கள்.

கானாடுகாத்தான், ஒரு ஆச்சி: எங்க ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க (தொழில் பார்க்க) போய், பெட்டியடிப் பையனா (கடைப் பணப்பெட்டிப் பக்கத்துல வேலை பழகுற பையனா) இருந்தே கணக்குப் படிச்சவுக. அவுகளுக்கு என்ன கம்ப்யூட்டர் இருந்துச்சு?

ஆச்சி, நீங்கள் சொன்னதையே ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991இல் கோட்பாடாக எழுதினார்கள். புதிதாக வந்தவன் ஓரத்தில் நின்று சின்ன வேலை செய்து, பெரியவர்கள் செய்வதைப் பார்த்துப் பார்த்து, மெல்ல நடுவுக்கு வருவான். பெட்டியடியில் இருந்தது நிஜக் கணக்கு, தப்பினால் பார்த்துத் திருத்த ஆள் இருந்தது. இன்றைக்குப் பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல் பிள்ளை புத்தகத்துக் கணக்கையே போடுகிறது. கம்ப்யூட்டரை இங்கே நன்றாகப் பயன்படுத்தலாம்: தெருக்கோடி மளிகைக் கடையின் ஒரு மாத வரவு செலவை எக்செல்லில் ஏற்றி, கடைக்காரரிடமே காட்டித் திருத்தம் வாங்கட்டும்.

பத்தாம் வகுப்பு மாணவன்: சார், சாட்ஜிபிடியில் கேட்டா உடனே விடை வருது, படிச்சா புரியுது. தப்பா?

தப்பில்லை தம்பி, ஆனால் மேலே டீச்சருக்கு எழுதியதைப் படி, ‘புரியுது’ என்பதை நம்பாதே. தனி ஆசிரியரிடம் கற்ற சராசரி மாணவன் சாதாரண வகுப்பின் முதல் இரண்டு சதவீதத்தினர் அளவுக்கு வந்தான் என்று ப்ளூம் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1984இல் எழுதினார். பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை, ஆனாலும் நல்ல பலன்தான். அந்தத் தனி ஆசிரியர் விடையை நீட்டுகிறவர் இல்லை, நீ மாட்டிக்கொண்ட இடத்தில் மட்டும் கைகொடுப்பவர். தனியாக முடியாது, கொஞ்சம் உதவினால் முடியும் என்கிற அந்த இடத்தில்தான் கற்றல் நடக்கிறது என்பது ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது. அதனால் முதலில் பத்து நிமிஷம் நீயே போடு, போட்டதைக் கொடுத்து, ‘விடை சொல்லாதே, எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல்’ என்று கேள். அது தப்பையும் தைரியமாகச் சொல்லும், வேதிச் சமன்பாடு கொடுத்தால் இரண்டு பக்கமும் அணுக்களை நீயே எண்ணிப் பார்த்துவிடு.