கைவேலைக் கேள்வி பதில்: முறிந்த லாச்சிக் கொழுக்கி

கேள்வி: என்னிடம் ஐந்து லாச்சி உள்ள உருக்கு டூல் பெட்டி இருக்கிறது. ஒரு லாச்சியின் கைபிடிக்குப் பின்னாலுள்ள பிளாஸ்டிக் கொழுக்கி முறிந்துவிட்டதால் லாச்சி தானாகத் திறக்கிறது. சுப்பர் க்ளூ போட்டும் நிற்கவில்லை. பழைய சோனகத் தெருவிலும் பஞ்சிகாவத்தையிலும் அதே சாமான் கிடைக்கவில்லை. வீட்டில் செய்யலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தாராளமாகச் செய்யலாம். முதலில் அது ஏன் முறிந்தது என்று பாருங்கள். பெட்டி முன்பக்கம் சரிந்து நின்றால், அல்லது ஸ்லைடு தேய்ந்து லாச்சி தொங்கினால், பாரம் முழுவதும் கொழுக்கியில்தான் விழும். அதைச் சரிசெய்யாமல் போட்டால் புதியதும் முறியும். ஒட்டு நிற்காததிலும் அதிசயம் இல்லை. இந்தக் கொழுக்கிகளில் பல அசெட்டல் வகைப் பிளாஸ்டிக்; அதில் பசை பிடிக்காது. வேறு பிளாஸ்டிக்காக இருந்து ஒட்டினாலும், முறிந்த இடம்தான் இழுவையைத் தாங்கும் இடம்.

லாச்சியைக் காலி செய்து, மற்றவற்றை மூடிவிட்டு வெளியே இழுங்கள். இரண்டு லாச்சி ஒன்றாகத் திறந்திருந்தால் பெட்டி ஆள் மேல் கவிழும். ஸ்லைடுகளில் சிறிய பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். பெரும்பாலும் ஒரு பக்கத்தை மேலேயும் மறுபக்கத்தைக் கீழேயும் ஒரே நேரத்தில் தள்ளினால் லாச்சி கழன்று வரும்.

முறிந்த துண்டுகளைச் சேர்த்து தடித்த மட்டையில் அச்சு வரைந்து வெட்டுங்கள். கொழுக்கிக்கு 3 மி.மீ. பித்தளைப் பட்டை நல்லது. ஹெக்சோவில் இலகுவாக அறுபடும், கொழும்புக் கடற்காற்றில் இரும்பு போலத் துருப்பிடிக்காது. முதலில் கொழுக்கி சுழலும் அச்சாணிக்கான துளையைப் போடுங்கள், பிறகு வெளிவடிவத்தை அறுங்கள். சிறிய துண்டைப் பிடித்துத் துளைக்கப் போனால் ட்ரில் அதைச் சுழற்றிக் கையை வெட்டிவிடும்.

பலர் கோட்டைவிடுவது வடிவத்தில்தான். லாச்சி இழுபடும்போது விசை கொழுக்கியின் பிடிமுகத்திலிருந்து (பெட்டியில் மாட்டிப் பிடிக்கும் பக்கம்) அச்சாணியை நோக்கி ஏறக்குறைய நேர்கோட்டில் போக வேண்டும். அந்தக் கோடு விலகினால் ஒவ்வோர் இழுவையும் கொழுக்கியைத் தூக்கிவிடும். எவ்வளவு கடினமான ஸ்ப்ரிங் போட்டாலும் பயன் இல்லை. பிடிமுகத்தை 90 பாகையிலிருந்து இரண்டு மூன்று பாகை மட்டும் உட்பக்கமாகச் சரித்து அராவுங்கள். அதற்கு மேல் போனால் லாச்சி நிறைந்திருக்கும்போது கைபிடியை அழுத்தினாலும் விடாது. மூடும்போது ஏறிச் சறுக்கும் முன்முகம் 30 பாகை அளவில் இருக்கட்டும். உள்மூலையைக் கூராக விடாதீர்கள். பழைய பிளாஸ்டிக்கில் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கியிருக்கும். வட்ட அரத்தால் 1 மி.மீ. வளைவு கொடுத்தால் போதும்.

அச்சாணிக்கு 2 மி.மீ. சைக்கிள் ஸ்போக் கம்பி. துளை 2.1 மி.மீ. இருந்தால் ஆடாமல் சுழலும். பிளாஸ்டிக் கொழுக்கி தடிப்பாக இருந்திருக்கும்; மீதி இடைவெளியை இருபுறமும் நைலோன் வொஷர் போட்டு நிரப்புங்கள். இல்லாவிட்டால் கொழுக்கி சாய்ந்து பிடியைத் தவறவிடும்.

பழைய ஸ்ப்ரிங் நன்றாக இருந்தால் அதையே போடுங்கள். புதிதாகச் சுற்றுவதானால் கிட்டாரின் மெல்லிய வெறும் உருக்குத் தந்தி, சுமார் 0.43 மி.மீ. உள்ளது, பொருந்தும். 3 மி.மீ. ட்ரில் பிட்டின் தண்டில் மூன்று நான்கு சுற்றுச் சுற்றுங்கள். விட்டதும் அது சற்று விரியும். கைபிடியை அழுத்தும்போது சுருள் இறுகும் திசையில் பொருத்துங்கள், விரியும் திசையில் அல்ல. நெருப்பில் காட்டினால் துள்ளல் போய்விடும். கட்டுக்கம்பி இதற்கு ஆகாது, வளைந்தபடியே நிற்கும்.

திரும்பச் செருகுமுன் ஸ்லைடில் உருளும் சிறு இரும்புக் குண்டுகளைப் பிடித்திருக்கும் கூட்டை முன்னுக்கு முழுதாக இழுத்து வையுங்கள். பின்னால் நின்றால் லாச்சி அதை நசுக்கிக் குண்டுகளைக் கொட்டிவிடும்.

கேள்வி: இதே கொழுக்கியை 3டி பிரிண்டரில் அடிக்கலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: அடிக்கலாம், ஆனால் பிஎல்ஏ (PLA) என்ற பிரிண்டர் பிளாஸ்டிக் வேண்டாம். அது சுமார் 60 பாகை செல்சியசிலேயே இளகும், வெயிலில் பூட்டிய வாகனத்தில் வளைந்துவிடும். பெட்ஜி (PETG) என்ற பிளாஸ்டிக் பரவாயில்லை. கொழுக்கியைப் படுக்கவைத்து, உள்ளே வெற்றிடமின்றி அடியுங்கள். நிற்கவைத்து அடித்தால் படைகளுக்கிடையே பிளந்து முறியும். நைலோனில் அடித்தால் அது ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும், நம் காற்றில் அது சாதாரணம். ஆகவே அச்சாணித் துளையைச் சற்றுத் தளர்வாக விடுங்கள்.

கேள்வி: கொழுக்கி இறுகினால் என்ன எண்ணெய் விடுவது?
– வாசகர், தெகிவளை

பதில்: அச்சாணியில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய், சறுக்கு முகத்தில் மெழுகுதிரியை ஒரு தேய்ப்பு. தின்னரோ பிரேக் எண்ணெயோ பிளாஸ்டிக்கின் பக்கமே போக வேண்டாம்; சில வகைகள் அதில் வெடித்து நொறுங்கும்.