என் கையைப் பார்த்தே எனக்குப் பயம்

அன்புள்ள மேடத்துக்கு,

எனக்கு 28 வயது. ஈரோடு பக்கம் ஒரு ஊர். சிசேரியனில் பெண் குழந்தை பிறந்து 11 வாரம் ஆகிறது. அம்மா வீட்டில் இருக்கிறேன். கணவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. சனிக்கிழமை இரவு வந்து திங்கள் காலை கிளம்பிவிடுவார்.

பாப்பாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவர் பக்கம் நின்றபோது, 'இப்படியே கீழே போட்டுவிட்டால்?' என்று ஒரு நினைப்பு வந்தது. உடம்பெல்லாம் வெலவெலத்துக் கீழே ஓடி வந்துவிட்டேன். அதிலிருந்து மாடிப்படி ஏறுவதில்லை. அரிவாள்மனையைப் பார்த்தால், குளிப்பாட்டும் தண்ணீரைப் பார்த்தால், தலையணையைப் பார்த்தால்கூட அதே மாதிரி ஏதாவது தோன்றுகிறது. "குனிஞ்சா தையல் இழுக்குது" என்று பொய் சொல்லி அடுப்படிக்கே போவதில்லை. அம்மா பாப்பாவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டும்போது நான் அடுத்த அறையில் அழுதுகொண்டிருப்பேன். ராத்திரி மூச்சு வருகிறதா என்று அவள் மூக்கருகே விரல் வைத்து வைத்துப் பார்க்கிறேன். அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை.

கண்ணு பட்டுவிட்டது என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டார், கயிறு மந்திரித்துக் கட்டினார். கணவரிடம், "எனக்கு என்னமோ மாதிரி இருக்குதுங்க" என்றேன். "உலகத்துல நீ மட்டுந்தான் புள்ள பெத்தியா?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கடனும் ஓவர்டைமும் அவரை அப்படிப் பேச வைக்கிறது. ஐந்தாம் மாதம் மாமியார் வீட்டுக்குப் போக வேண்டும். உண்மையைச் சொன்னால் பைத்தியம் என்று சொல்லிப் பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ? இப்படி நினைக்கிற நான் ஒரு நாள் செய்தும்விடுவேனா?

– பெயர் வேண்டாம்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது உங்கள் ஆசை அல்ல, உங்கள் பயம். செய்ய விரும்புகிறவர் அரிவாள்மனையைக் கண்டு அடுப்படியை விட்டு ஓட மாட்டார். அந்த நினைப்பு உங்களை நடுங்க வைக்கிறது; உங்கள் குணத்துக்கு அது எவ்வளவு அந்நியம் என்பதை அந்த நடுக்கமே சொல்கிறது.

பச்சைக் குழந்தையைக் கையில் வைத்திருக்கும் பெற்றோரில் மிகப் பெரும்பாலானோருக்கு, அப்பாக்களுக்கும்கூட, 'குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்' என்ற காட்சி மனதில் வந்துபோகும். தாய்மாரைக் கேட்டு நடத்திய ஆய்வுகளில் ஏறக்குறைய பாதிப் பேர், தாங்களே தீங்கு செய்வதுபோன்ற நினைப்பு வந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பலருக்கு அது வந்த வேகத்தில் போய்விடும். சிலருக்கு 'ஐயோ, இப்படி நினைத்துவிட்டேனே' என்ற திகில் அதை அங்கேயே ஆணியடித்து நிறுத்திவிடுகிறது. குரங்கை நினைக்காமல் மருந்து குடி என்றால் குரங்குதானே வரும்? மாடியைத் தவிர்ப்பதும், அடுப்படியைத் தவிர்ப்பதும், மூச்சைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அந்த நிமிடத்துக்கு நிம்மதி தரும். ஆனால், 'நான் விலகியதால்தான் பிள்ளை தப்பித்தது' என்று மூளை கணக்குப் போட்டுக்கொள்ளும். பயம் ஒரு படி ஏறும். பிரசவத்துக்குப் பின் வரும் ஓசிடி, அதாவது வேண்டாத நினைப்பு திரும்பத் திரும்ப வந்து ஆட்டிப்படைக்கும் மனநலப் பிரச்சினை, பெரும்பாலும் இப்படித்தான் வளர்கிறது. உங்களுக்கு இருப்பது அதுதானா, கூடவே மனச்சோர்வும் இருக்கிறதா என்பதை மனநல மருத்துவர் நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து வருவது சகஜம்.

'பிரசவம் ஆனவள் அழத்தான் செய்வாள்' என்று வீட்டில் சொல்வார்கள். மூன்றாம் நாள் வாக்கில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும் என்பது உண்மை. பாதிக்கும் மேற்பட்ட தாய்மாருக்கு அது வரும். உங்களுக்கு 11 வாரம் ஆகிவிட்டது. இனியும் பொறுத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

நீங்கள் பயப்படும் 'பைத்தியம்' வேறு. பிரசவத்துக்குப் பின் வரும் கடும் மனநோய் ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே தொடங்கும். காதில் குரல் கேட்கும். குழந்தையிடம் ஏதோ தீய சக்தி இருக்கிறது என்றோ, வீட்டார் சதி செய்கிறார்கள் என்றோ உறுதியாக நம்புவார்கள். தூக்கமே தேவையில்லை என்பதுபோல் பரபரப்பார்கள். அப்போது வரும் நினைப்பு அவர்களுக்குத் தப்பாகவே தெரியாது. இவற்றில் எது இருந்தாலும், அல்லது 'நான் செத்துவிட்டால் தேவலை' என்று தோன்றினாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; தாயைத் தனியே விடக் கூடாது. உங்கள் கடிதத்தில் இவை இல்லை. நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால், இந்தப் பக்கத்தை இத்தோடு மூடிவிட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

பிள்ளையைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று கேட்டீர்கள். இந்தத் துறையைப் படித்த மனநல மருத்துவருக்கு உங்கள் நினைப்பு புதிதல்ல. பிரிப்பதல்ல, தாயையும் சேயையும் சேர்த்து வைத்தே சிகிச்சை தருவதுதான் இன்றைய வழி. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிமான்ஸில் இதற்கென்றே தாய்-சேய் பிரிவு 2009 முதல் இயங்குகிறது. உங்களுக்கு வார்டு வரை போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள். பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய, எடின்பரோ அளவுகோல் என்று 10 கேள்விகள் கேட்கலாம். 1987-இல் உருவாக்கியது, தமிழிலும் இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால், குழந்தைக்குத் தீங்கு செய்வதுபோல் நினைப்பு வருகிறதா என்ற கேள்வி அதில் இல்லை. அதனால் நீங்களேதான் வாய்திறக்க வேண்டும். வாய் வராவிட்டால் எனக்கு எழுதிய கடிதத்தையே நீட்டுங்கள். ரத்தசோகையும் தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு மாறினால் மனமும் படபடக்கும். தவிர்ப்பதைப் படிப்படியாக விடும் பயிற்சியை ஆலோசகர் கூட இருந்து செய்ய வைப்பார். மருந்து தேவைப்பட்டால், செர்ட்ராலின் போல தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் மருந்துகள் இருக்கின்றன. யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் பாலை நிறுத்தாதீர்கள்.

அதுவரை பொறுக்க முடியாவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனஸ் எண் 14416-க்கு அழையுங்கள். இலவசம், ராப்பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மிளகாய் சுற்றிப் போட்ட அவர்தான், மகளுக்கு ஏதோ சரியில்லை என்று முதலில் கண்டவரும்கூட. "என்னைத் திட்டாதம்மா, கேட்டுக்க மட்டும் செய்" என்று ஆரம்பியுங்கள். கயிறு கையில் இருக்கட்டும், அதற்காகச் சண்டை வேண்டாம்.

இனி வருவதை உங்கள் கணவரிடம் காட்டுங்கள்.

தம்பி, உங்கள் மனைவி சோம்பேறியுமில்லை, நடிக்கவுமில்லை. அவருக்கு வந்திருப்பது சிகிச்சையில் குணமாகக்கூடியது. அவர் மனம்விட்டுச் சொல்லும்போது 'சே, எப்படி இப்படி நினைத்தாய்' என்ற வார்த்தை மட்டும் வாயில் வரக் கூடாது. திங்கட்கிழமை லீவு சொல்லிவிட்டு ஓ.பி.க்குக் கூடப் போங்கள். சனி இரவும் ஞாயிறு இரவும் குழந்தை உங்கள் பொறுப்பு. பால் எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வேளைக்கு நீங்களோ மாமியாரோ பாலாடையில் புகட்டலாம். உங்கள் மனைவி வேறு அறையில், போனை அணைத்துவிட்டு, நாலைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கட்டும்.