பதில்: மகன்தான் பதில் சொல்கிறார், பதிவுத்துண்டும் இல்லை

1990 இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றிய முஸ்லிம்களில் ஒருவரான, இப்போது அக்குறணையில் இருக்கும் மூதாட்டியின் வாய்மொழி வரலாற்றை ஒலிப்பதிவு செய்யப் போய், கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் மகன் குறுக்கிடுகிறார், திருமணப் பதிவுத்துண்டும் இல்லை என்கிறீர்கள். மகனை வெளியே அனுப்பாதீர்கள், கோபம்தான் மிஞ்சும். முதலில் அவரைத் தனியாக ஒலிப்பதிவு செய்யுங்கள்; தன் கதையைச் சொல்லி முடித்தவர் பெரும்பாலும் உம்மாவை விட்டுவிடுவார். மூதாட்டியிடம் காலையில், ஒரு பெண்ணையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்னேர மழை தகரக் கூரையில் விழுந்தால் குரல் பதிவாகாது.

“மஹர் எவ்வளவு?” என்று தொடங்க வேண்டாம். மஹர் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது, கைக்கூலி பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுப்பது. நினைவில் இரண்டு தொகையும் இடம் மாறும். யார் எண்ணினார், யார் கையில் கொடுத்தார், கல்யாண நகை வெளியேற்றம் நடந்த ஒக்டோபர் 30 அன்று எங்கே போனது என்று கேளுங்கள். இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேறியவர்களிடம் நகையையும் பறித்தார்கள். பணக்கணக்கு மறந்தாலும் அது மறக்காது.

பதிவுத்துண்டு இல்லாததால் திருமணப் பதிவே நடக்கவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பதியாமல் விட்டிருந்தாலும், 1951 ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி அந்த ஒரு காரணத்தால் திருமணம் செல்லாததாகாது. மாவட்டப் பதிவாளரிடம் பிரதி கேட்டுப் பாருங்கள். கிடைத்தால், அதில் மணமகளின் கையெழுத்தைத் தேட வேண்டாம்; பெண்ணின் சார்பில் நிற்கும் காப்பாளரான வலீதான் ஒப்பமிட்டிருப்பார். அதை வைத்து மணமகள் சம்மதித்தார் என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. அதை அவர் வாயால்தான் கேட்க வேண்டும்.

ஒலிப்பதிவு முடிந்ததும், அதைப் பயன்படுத்தும் அனுமதியை மறுபடி கேளுங்கள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, தெருப் பெயரே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.